பூனைக்குப் பின்னங்கால் திடீரென விழுந்தால்… கால்நடை டாக்டர் பதில்கள்

வயதான செல்லங்களின் இதயக் கோளாறு பற்றிச் சென்ற முறை எழுதியதும், ரத்த உறைவைப் பற்றிக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. திருச்சியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை வேறு விஷயத்துக்குப் போகவில்லை.

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் வீட்டு பெர்ஷியன் பையனுக்கு ஐந்து வயது. ராத்திரி வரை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தான். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு பின்னங்காலையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிறான். மாடியிலிருந்து விழுந்திருப்பான் என்றார் என் கணவர். பாம்பு தீண்டியிருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நல்லெண்ணெய் காய்ச்சித் தடவி, வெந்நீர்ப் பை வைத்தோம். பத்து மணிக்கு கிளினிக் திறந்ததும் தூக்கிக்கொண்டு போனோம். மத்தியானமே போய்விட்டான். 'க்ளாட்', அதாவது ரத்த உறைகட்டி என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் செய்த தப்பு என்னம்மா? அவனோடு பிறந்த தங்கச்சி இன்னும் வீட்டில் இருக்கிறாள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, நீங்கள் நாலரை மணிக்கே ஒரு மருத்துவமனையில் இருந்திருந்தாலும் அவன் பிழைத்திருப்பான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சிகிச்சை கிடைத்த பூனைகளிலேயே மூன்றில் ஒன்றிலிருந்து பாதிக்குள்தான் வீடு திரும்புகின்றன. நீங்கள் எண்ணெய் தடவியதால் அவன் போகவில்லை. ஆனால் சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் வலிக்கு ஊசி கிடைத்திருக்கும். கால்நடை மருத்துவத்தில் நான் பார்த்த மிகக் கொடுமையான வலிகளில் இது ஒன்று. அந்த வலியில் இன்னொரு வீட்டுப் பூனை மணிக்கணக்காகக் கிடக்கக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நோய் தொடங்கிய இடம் கால் இல்லை, இதயம். பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் சகஜம். ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பார்கள். இங்கிலாந்தில் காப்பகங்களில் இருந்த, பார்வைக்கு நல்ல ஆரோக்கியமான பூனைகளுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டி இந்த நோய் இருந்தது. தசை தடித்ததும் இடது கீழறைக்குள் ரத்தம் எளிதாக இறங்க முடியாது. மேலறை வீங்கிப் பெரிதாகும். ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிக்காது, தேங்கிய குட்டையில் பிடிக்கும் இல்லையா? அதுபோல அந்த மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. ஒருநாள் அது பெயர்ந்து, பெருந்தமனி வழியாக இறங்கி, இடுப்புக்குக் கீழே இரண்டு பின்னங்காலுக்கும் ரத்தக்குழாய் பிரிகிற கவையில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. அடைப்பு மட்டும் என்றால் பக்கத்துச் சிறு குழாய்கள் ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் கட்டியிலிருந்து வெளியாகும் வேதிப்பொருள்கள் அந்தச் சிறு குழாய்களையும் இறுக்கி மூடிவிடுகின்றன. அதனால்தான் நிமிஷத்தில் கால் விழுகிறது. அதற்கு முந்தின ராத்திரி வரை பூனை ஓடியாடி விளையாடும். வீட்டில் யாருக்கும் இதய நோய் இருப்பதே தெரிந்திருக்காது.

விழுந்த அடியா, பாம்பா, உறைகட்டியா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். முன்னங்கால் பாதத்தை ஒரு கையிலும் பின்னங்கால் பாதத்தை இன்னொரு கையிலும் பிடியுங்கள். முன்னது வெதுவெதுப்பாகவும் பின்னது சில்லென்றும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு பாதத்தின் அடியில் உள்ள மெத்தைகளைத் திருப்பிப் பாருங்கள். முன்னங்காலில் இளஞ்சிவப்பாக இருப்பது பின்னங்காலில் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கும். கறுப்பு மெத்தை உள்ள பூனை என்றால் நகத்தின் அடிப்பகுதி நிறத்தைப் பாருங்கள். அடுத்து ஆடுதசையைத் தொடுங்கள், விறைத்துக் கட்டியாக இருக்கும். தொடையின் உள்பக்கம் நாடி கிடைக்காது. முதுகெலும்பில் அடிபட்ட பூனைக்கு இப்படி இருக்காது, கால் அசையாவிட்டாலும் பாதம் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கும். கட்டுவிரியன் கடித்தால் நான்கு காலும் துவளும், கண்ணிமை தொங்கும், தொடையில் நாடி துடிக்கும்.

வெந்நீர்ப் பை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் இல்லாத காலில் சூடு பட்டால் தோல் வெந்துவிடும், பூனையால் காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது. தேய்க்கவும் வேண்டாம், வலிதான் கூடும். பழைய போர்வையில் சுற்றி, அடிப்பகுதி கெட்டியான அட்டைப்பெட்டியில் வைத்துக் கிளம்புங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். இந்தப் பூனைகளில் பலவற்றுக்கு நுரையீரலிலும் நீர் கோத்திருக்கும். போகிற வழியிலேயே போன் போட்டு, 'பின்னங்கால் விழுந்துவிட்டது, சில்லென்று இருக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது' என்று சொல்லிவிட்டால் அங்கே ஆக்சிஜனைத் தயாராக வைத்திருப்பார்கள்.

மருத்துவமனையில் முதலில் வலிக்கு ஊசி. நுரையீரலில் நீர் இருந்தால் அதை இறக்கும் ஊசி. கட்டி மேலும் வளராமல் இருக்க ஹெப்பாரின். 'அடைப்பைக் கரைக்கிற ஊசி மனிதர்களுக்குப் போடுகிறார்களே, பூனைக்குப் போடக் கூடாதா?' என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். போட்டுப் பார்த்த ஆய்வுகளில் பூனைகள் கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை. அடைப்பு திடீரென்று திறந்தால், செத்துக்கொண்டிருக்கும் தசையில் சேர்ந்த பொட்டாசியம் மொத்தமாக இதயத்துக்குப் பாய்ந்து அதையே நிறுத்திவிடக்கூடும். பூனையின் உடல் வெப்பம் 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போயிருந்தால் நம்பிக்கை குறைவு. ஒரு கால் மட்டும் விழுந்து, கொஞ்சம் அசைவும் மிச்சமிருந்தால் நிச்சயம் முயன்று பார்க்கலாம். இரண்டு காலும் விழுந்து, உடம்பும் குளிர்ந்து, மூச்சுக்கும் திணறுகிற பூனைக்கு வலியில்லாமல் விடைகொடுக்கத் தீர்மானிக்கிறவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இனி தங்கச்சி. இந்த நோய் பரம்பரையாக வரும். மெயின் கூன் வகையில் 2005-லும் ரேக்டால் வகையில் 2007-லும் இதற்கான மரபணுக் கோளாற்றைக் கண்டுபிடித்தார்கள். பெர்ஷியனுக்கு அப்படி ஒரு மரபணுப் பரிசோதனை இல்லை. எக்கோதான் வழி. ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள், சத்தமே இல்லாமல் முற்றிய நோயும் உண்டு. உங்கள் ஊரில் எக்கோ வசதி இல்லாவிட்டால், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிப்போவது வீண் செலவில்லை. இடது மேலறை பெருத்திருந்தால், கட்டி உருவாகும் முன்பே, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை ஆரம்பிக்கலாம். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, அவள் அசந்து தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் காலண்டரில் குறித்து வைப்பது. 30-க்கு மேல் தொடர்ந்து போனால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பூனை ஒரு பின்னங்காலில் அடைப்பு வந்து பிழைத்துவிட்டாள். குளோபிடோக்ரெல் மாத்திரையை நாலாக வெட்டி, தினமும் ஒரு துண்டு கொடுக்கச் சொன்னார்கள். வாயில் போட்டதும் நுரை நுரையாகத் தள்ளுகிறாள், எனக்குக் கை நடுங்குகிறது. மாத்திரை விஷமாகிறதா? ஆஸ்பிரினுக்கு மாற்றலாமா? கால் பழையபடி வருமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விஷம் இல்லை, கசப்பு. குளோபிடோக்ரெல் மாத்திரையை வெட்டினால் மேலே உள்ள பூச்சு போய் உள்ளிருக்கும் கசப்பு நேராக நாக்கில் படுகிறது. பூனைக்குக் கசப்பு பட்டால் நுரை தள்ளும். 75 மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்டும் கருவி மருந்துக் கடையில் கிடைக்கும். கூடவே சிறிய காலி ஜெலட்டின் கேப்ஸ்யூல் வாங்கிக்கொள்ளுங்கள். துண்டை உள்ளே போட்டு மூடி, வெட்டிய கையை நன்றாகக் கழுவுங்கள். கை கழுவாமல் கேப்ஸ்யூலைத் தொட்டால் அதன் வெளிப்புறமும் கசக்கும், ஒருமுறை கசந்துவிட்டால் அப்புறம் உங்களைக் கண்டாலே ஓடிவிடுவாள். கேப்ஸ்யூல் மேல் ஒரு துளி நெய் தடவி, நாக்கின் பின்பக்கம் வைத்து வாயை மூடுங்கள். உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர், அல்லது ஒரு வாய் ஈரமான சாப்பாடு கொடுத்துவிடுங்கள். வறண்ட தொண்டையில் கேப்ஸ்யூல் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும்.

ஆஸ்பிரினுக்கு மாற்ற வேண்டாம். ஒருமுறை அடைப்பு வந்து பிழைத்த 75 பூனைகளை வைத்து அமெரிக்காவில் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டு 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்ட பூனைகளுக்கு அடுத்த அடைப்பு வர 192 நாள், குளோபிடோக்ரெல் சாப்பிட்டவற்றுக்கு 443 நாள். இது நடு மதிப்பு, ஒவ்வொரு பூனைக்கும் முன்பின் இருக்கும். அந்தக் கூடுதல் மாதங்களுக்காகவே தினமும் இந்தப் போராட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை ஆயுள் முழுக்க விடக் கூடாது. அபாயம் அதிகம் உள்ள பூனைகளுக்கு ரிவரோக்ஸபன் என்ற இன்னொரு மாத்திரையையும் சேர்க்கிறோம், அதை உங்கள் டாக்டர் எக்கோ பார்த்து முடிவு செய்யட்டும்.

கால் திரும்ப வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பாதம் மடங்கித் தரையில் தேயாமல் மெத்தென்ற விரிப்பு போடுங்கள். மூட்டுகள் விறைக்காமல் இருக்க, வலி அடங்கியபின் தினமும் மெதுவாக நீட்டி மடக்கிவிடுங்கள். தோல் கறுத்துக் காய்ந்து உரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: வணக்கம் டாக்டர். ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எங்கள் லேப்ரடாருக்கு ஒன்பது வயது. உண்ணிக் காய்ச்சல் வந்து மருந்து கொடுத்தோம். அதன்பின் ஈறு மஞ்சளாகி, சிறுநீர் காபி நிறத்தில் போனது. தன் ரத்தத்தைத் தானே அழிக்கிறது என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. ஹீமோகுளோபின் 5-தான் இருக்கிறது. ரத்தமே இல்லாத நாய்க்கு ரத்தத்தை இளக்குகிற மாத்திரையா? பயந்து இரண்டு நாளாகக் கொடுக்கவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, இன்றைக்கே அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாமா என்று உங்கள் டாக்டரை போனில் கேட்டுவிட்டு மேலே படியுங்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் இந்த நோயில் நாய்கள் இறப்பது பெரும்பாலும் ரத்தம் குறைவதால் மட்டும் இல்லை. நுரையீரல் ரத்தக்குழாயில் உறைகட்டி அடைத்து இறக்கின்றன. ரத்தச் சோகை மெல்லத் தேறி வரும் நாய், சாப்பிட ஆரம்பித்த நாய், திடீரென்று ஒரு நாள் மூச்சு வாங்கி இறந்துபோவதை என்னைப் போன்றவர்கள் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டால் மறக்க முடியாது.

சிவப்பணுக்கள் உடையும்போது அவற்றின் துணுக்குகள் ரத்தத்தில் மிதந்து உறைதலைத் தூண்டுகின்றன. உடம்பு முழுக்க அழற்சி. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எப்போது வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளத் தயாராக இருக்கின்றன. உயிர் காக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டும் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டுகிறது. அதனால்தான் 2019-ல் அமெரிக்க கால்நடை உள்மருத்துவ நிபுணர் குழு, இந்த நோய் கண்ட நாய்களுக்கு உறைதடுப்பு மருந்து சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நோய் கண்டுபிடித்த முதல் இரண்டு வாரம்தான் பெரிய கண்டம். நீங்கள் விட்ட இரண்டு நாள் அதற்குள் வருகிறதா என்று தேதியைப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தட்டணு எண்ணிக்கை 30,000-க்குக் கீழே இருந்தால் யோசிப்போம். உண்ணிக் காய்ச்சலைக் கொடுக்கும் எர்லிக்கியா தட்டணுக்களையும் குறைக்கக்கூடியது என்பதால், உங்கள் நாய்க்கு இந்த எண்ணைக் கேட்டே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் 'பிளேட்லெட்' என்ற வரியைப் பாருங்கள். மெஷின் கணக்கு குறைவாகக் காட்டினால், கண்ணாடித் தட்டில் ரத்தத்தைப் பூசி மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் மெஷின் ஏமாந்துவிடும். மாத்திரை கொடுக்கும் நாட்களில் ஈறில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், கறுத்த மலம், இவற்றில் எது தெரிந்தாலும் சொல்லுங்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே மூச்சு வேகமெடுத்து, இடம் மாறி மாறி உட்கார்ந்து, நாக்கு நீலம் பாய்ந்தால் அது நுரையீரல் அடைப்பாக இருக்கலாம். ஆட்டோ பிடித்து ஆக்சிஜன் உள்ள இடத்துக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி. ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

காரணத்தையும் தேடச் சொல்லுங்கள். நம் ஊரில் சிவப்பணு உடைகிற நாய் என்றால், சிவப்பணுவுக்குள் புகும் பேபீசியா கிப்ஸோனி என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பி.சி.ஆர். பரிசோதனையில் பார்க்காமல் விடக் கூடாது. மைக்ராஸ்கோப்பில் அது பல சமயம் தப்பிவிடும். அதற்கு மருந்து வேறு.

இவ்வளவுக்கும் வேர் உண்ணி. லேப்ரடாருக்கு மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் மறுபடி வரும். பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்த பெண் உண்ணி இறங்கிச் சுவரேறி, காரை விரிசலிலும் ஓட்டு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்ப் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள், தெரியும். விரிசலைச் சிமெண்டு வைத்து அடையுங்கள், நாய்க்கு ஃப்ளூரலேனர் அல்லது அஃபாக்ஸொலேனர் மாத்திரையை வருடம் முழுக்க விடாமல் கொடுங்கள். தமிழ்நாட்டில் உண்ணி இல்லாத மாதம் கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆனதிலிருந்து வீட்டில் ஆஸ்பிரின், வார்ஃபரின் எல்லாம் இருக்கு மேடம். எங்ககிட்ட ஒரு நாட்டு நாய், ரெண்டு பூனை. எதுக்கும் அடைப்பு வராம இருக்க வாரத்துக்கு அரை மாத்திரை கொடுக்கலாமா? பூண்டு தட்டிப் போட்டா ரத்தக்குழாய் சுத்தமாகும்னு பாட்டி சொல்றாங்க.
– வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, எதையும் கொடுக்காதீர்கள். பூண்டும் வேண்டாம். பூண்டு, வெங்காயம் இரண்டும் நாய் பூனைகளின் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். பாட்டி சொன்னது மனிதர்களை நினைத்து.

நாயின் உடம்பு ஆஸ்பிரினைப் பாதியாகக் குறைக்க எட்டு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. பூனைக்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அதைச் செரிக்கிற நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மறுநாளும் கொடுத்தால் மருந்து சேர்ந்துகொண்டே போகும். அதே காரணத்தால் பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று நினைத்து அன்போடு கொடுத்துவிட்டு, முகம் வீங்கி நாக்கு பழுப்பான பூனையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறாது.

வார்ஃபரின் கதை எங்கள் துறையிலிருந்து வந்தது. 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனப் பயிரைத் தின்ற மாடுகள், கொம்பு வெட்டினால்கூட ரத்தம் நிற்காமல் செத்தன. தீவனத்தில்தான் கோளாறு என்று முதலில் சொன்னவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை நோயியல் மருத்துவர். விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகம் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதை வைத்து உருவான வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, மனிதர்களுக்கு மருந்தானது 1954-ல். உங்கள் அப்பா ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்த்துச் சாப்பிடுகிற மருந்து அது. அளவு பார்க்காமல் நாய்க்குக் கொடுத்தால் எலிக்கு நடப்பதுதான் நடக்கும். எலிக்கு வைத்த கேக்கைச் செல்லம் தின்றுவிட்டால் பாக்கெட்டோடு வாருங்கள். இந்த வகை மருந்தின் விஷத்தை முறிக்க வைட்டமின் கே1 உண்டு. ஆனால் எல்லா எலி மருந்தும் ஒரே வகை இல்லை, பாக்கெட்டைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆரோக்கியமான நாய்க்கு அடைப்பு தடுக்கும் மாத்திரை தேவையே இல்லை. மனிதர்களைப் போலக் கொழுப்பு படிந்து குழாய் அடைப்பது நாய் பூனைகளில் அரிது. அவற்றுக்கு உறைகட்டி வந்தால், பின்னால் இதயமோ சிறுநீரகமோ புற்றுநோயோ குஷிங் போன்ற ஹார்மோன் கோளாறோ இருக்கும். உங்கள் மூன்று பேரையும் வருடத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரைக்கு ஆகும் பணத்தை அதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு பத்து வயது. வாக்கிங்கில் கொஞ்ச தூரம் போனதும் பின்னங்கால் தள்ளாடி உட்கார்ந்துவிடுகிறான். சற்று நின்றால் மறுபடி நடக்கிறான். மூட்டுவலி என்று மாத்திரை கொடுத்தும் பலனில்லை. இரண்டு வருடம் முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்து குணமானது.
– வாசகர், மதுரை

பதில்: மூட்டுவலிக்காரன் படுத்து எழும்போது நொண்டுவான், நடக்க நடக்கச் சரியாவான். உங்கள் பையன் நேர்மாறாக இருக்கிறான். நாய்களுக்குப் பெருந்தமனி அடைப்பு, பூனையைப் போல ஒரே நிமிஷத்தில் வராமல், இப்படி வாரக்கணக்கில் மெதுவாகக் கூடுவதும் உண்டு. அவன் நின்றுகொண்டிருக்கும்போது இரண்டு தொடையின் உள்பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்தோ இல்லாமலோ இருந்தால், வயிற்று ஸ்கேனில் பெருந்தமனியைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பழைய உண்ணிக் காய்ச்சலைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. நாள்பட்ட எர்லிக்கியா சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கலாம். அப்போது சிறுநீரில் புரதம் ஒழுகும். ரத்தம் கண்ட இடத்தில் உறையாமல் காக்கும் ஆன்டித்ரோம்பின் என்ற புரதமும் அதோடு போய்விடும். சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு நார்மலாக இருந்தாலும் இது நடக்கும், அதனால் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. மூட்டுவலி மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. நாளைக் காலை முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய், புரதம்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள்.